எட்டு வளைவு, நாலு நேர்

முதல் பெட்டியில் இருந்த ரயில் புகை விடுமாம்.
கடைக்கார நிஜாமுதீன் ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றி
விடவைத்தும் காட்டினார்.
பவிஷ்கா இருமினாள். வேண்டாம்.

இரண்டாவது மரத்தில் செய்தது.
காந்தத்தால் கைகோத்துக்கொள்ளும் பெட்டிகள்.
ஒன்றைத் திருப்பி வைத்தால் மற்றது
முகம் கொடுக்காமல் விலகி ஓடும்.
அதை மட்டும் பத்து முறை செய்து பார்த்தாள்.
"இதுங்களுக்குள்ள சண்டைம்மா."
விலைச்சீட்டை நான் பார்த்த பார்வையில்
அவராகவே மூடிவிட்டார் பெட்டியை.

மூன்றாவதைத் தரையில் விடச் சொன்னாள்.
ரவுண்டானாவின் அத்தனை செருப்புத் தூசியும்
வந்து இறங்கும் தரை.
குப்புறப் படுத்தாள்.
கன்னத்தைத் தரையில் வைத்தாள். ஒரு கண்ணை மூடினாள்.
அப்படிப் பார்த்தால்தான் ரயில் பெரிசு
என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நாலு வயதுக்குள் நிஜ ரயிலை
ஒன்றேகால் முறை பார்த்திருக்கிறாள்.
தருமபுரியில், சித்தப்பாவை ஏற்றிவிடப் போனபோது ஒன்று.
ராயக்கோட்டை கேட்டில் தூங்கி விழித்தபோது
கடைசிப் பெட்டியின் முதுகு மட்டும், கால்.

கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை.
தேர்தலுக்குத் தேர்தல் மேடை வரைக்கும் வரும்,
கைதட்டல் வாங்கும்,
போய்விடும்.
இங்கே இருப்பதெல்லாம் சாலை.
சுங்கச்சாவடியில் ஏழாம் கூண்டு என்னுடையது.
ஊர் ஊராக வந்து என் கம்பத்தின் முன்னால்
மூச்சு வாங்கிவிட்டுப் போகும்.
மாம்பழ சீசனில்
லாரிக்கு முன்பே வாசனை வந்து நிற்கும்.
அது பணம் கட்டாது.

"ரயிலுக்கு டோல் உண்டா?"
இல்லை என்றேன்.
"அப்ப யாரு நிறுத்துவாங்க?"
சிக்னல் என்றேன், ஸ்டேஷன் என்றேன்.
யோசித்துக்கொண்டே சக்கரங்களை எண்ணினாள்,
பதினொன்றுக்கு அடுத்து பதிமூன்று.
பன்னிரண்டோடு அவளுக்கு இன்னும் பழக்கமில்லை.

நிஜாமுதீன் தண்டவாளத்தைப் பூட்டினார்.
எட்டு வளைவு, நாலு நேர்.
பேட்டரி போட்டதும் ஓடியது ரயில்
நாற்காலிக் காலைச் சுற்றி, அலுக்காமல்,
புறப்பட்ட இடத்துக்கே.
நாலு சுற்று பொறுமையாகப் பார்த்தாள்.
பிறகு கேட்டாள்:
"இது எப்பப் போகும்?"
"போய்ட்டுதானே இருக்கு பாப்பா."
"இல்ல. எப்பப் போகும்?"

விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.
ஏழாம் கூண்டு ஞாபகம் வந்தது.
மூடிக்கொண்டேன்.

அவர் உள்ளே போனார். நேரமாயிற்று.
எலி கடித்த ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார்.
அதில் இன்ஜின் இல்லை, பெட்டிகள் இல்லை,
பதினாறு நேர்த்துண்டுகள் இருந்தன.
"அறுபது ரூபா கொடுங்க. வளைவை நான் வெச்சுக்கறேன்."
எட்டையும் எண்ணிக் கொடுத்தாள். அதில் தப்பு வரவில்லை.

பழையபேட்டை மாடிவீட்டில்
கட்டிலுக்கடியில் கிளம்புகிறது பாதை.
ஃபிரிட்ஜைத் தாண்டி, கேஸ் சிலிண்டரை உரசி,
வாசற்படிக்கு வெளியே
ஒரு துண்டு அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது.
பயணிகள் புளியங்கொட்டைகள்.
விளிம்பு உடைந்தது சித்தப்பா.

சோப்புத்தூள் அட்டையில் மஞ்சள் பக்கமாகப் பார்த்து
ஊர்ப்பெயரை எழுதிக் கொடுத்தேன்,
படியில் விழாமல் அங்கே நிற்கட்டுமே என்று.
அவள் அதை நடுவீட்டில்,
நாளைக் காலை ஷிஃப்டுக்கு நான் எடுத்துவைத்த
பையின் பக்கத்தில் நட்டாள்.

ரயிலுக்கு நிற்கத் தெரியாது.
பொத்தான் பழுது, போட்டால் ஓடும், அவ்வளவுதான்.
போர்டுக்கு நேராக வந்ததும்
அப்படியே கையில் தூக்கிக்கொள்கிறாள்.
உள்ளங்கைக்கு மேலே, காற்றில்,
சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

"ரெண்டு நிமிஷம்தான் நிக்கும்மா" என்கிறாள்.
"ஏறு."